கல்யாண ஜவுளி பார்க்க வந்தவள்

என் கணவருக்கு நாமக்கல்லில் லாரி உதிரிபாகக் கடை. அவர் கடைக்கு வருகிறவர்கள் உடைந்த சாமானைக் கையிலேயே கொண்டுவருவார்கள். தேய்ந்த பேரிங், முறிந்த ஸ்பிரிங் பட்டை, கிழிந்த ஹோஸ். அதே மாதிரி ஒன்றை வாங்கிக்கொண்டு, பழையதை வாசலிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். முப்பது வருடமாக இதையே பார்த்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு, உலகத்தில் எல்லாப் பொருளும் இப்படித்தான் வாங்கப்படுகிறது என்று ஒரு தீர்மானம் விழுந்துவிட்டது. முதலில் பழையது உடைய வேண்டும். அப்புறம்தான் புதியது. சேலை கிழிந்ததா? கிழியவில்லை. பிறகு ஜவுளிக்கடையில் என்ன வேலை?

தீபாவளிக்குக் கூட்டிப்போவார், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கடைக்குள் உட்காரமாட்டார். கொடுக்கிற காப்பியைத் தொடமாட்டார். குடித்துவிட்டால் வாங்காமல் எழ முடியாதாம். நின்றபடியே விரலை நீட்டுவார். "அது, அப்பறம் அது, அந்த நீலம். கட்டீருங்க." பத்து நிமிடத்தில் குடும்பத்துக்கே துணி எடுத்துவிட்டு வெளியே வந்து வண்டியைக் கிளப்புவார். நான் ஒரு முந்தானையைக் கொஞ்சம் விரித்துப் பார்த்தால் போதும். "வேடிக்கை பாக்கோணும்னா தேர் நோம்பிக்குப் போ. கடை வாங்கறதுக்கு" என்பார்.

நான் அதற்கு நேர் எதிர். எனக்குக் கடை என்பது பார்ப்பதற்கு. ஒரு சேலையை வாங்கிவிட்டால் மீதி நாற்பதும் மடிக்கப்பட்டு அலமாரிக்குப் போய்விடும். வாங்காத வரைக்கும் நாற்பத்தொன்றும் என்னுடையதுதான். இதைக் கேட்டு என் தங்கை ஒருமுறை விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கட்டும். அவள் தன் புருஷன் கடைக்கு மேலே குடியிருக்கவில்லை.

நான் குடியிருந்தேன். இன்னும் குடியிருக்கிறேன். எங்கள் வீடு கடைக்கு மேல் மாடியில். படி இறங்கினால் நேராக அவருடைய நாற்காலி. கறிவேப்பிலை வாங்கக் கிளம்பினாலும் "எங்க?" என்பார். கோபமெல்லாம் கிடையாது. ஆளைக் கண்டால் கேட்டுவிடுவது அவர் பழக்கம், அவ்வளவுதான். ஆனால் இருபத்தேழு வருடம் ஒருத்தி அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தால் அவளுக்கு என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை. திரும்பி வந்து படியேறும்போது பையைப் பார்ப்பார். அதிலும் தப்பு ஒன்றும் இல்லை. எனக்குத்தான் மூச்சு முட்டும்.

அப்படியிருக்கும்போதுதான் என் இடது தோள் இறுகிப்போனது. கையைத் தூக்க முடியவில்லை. தலை பின்ன முடியவில்லை. கடைக்கு வாடிக்கையாக வரும் லாரி முதலாளி ஒருவர், சேலத்தில் பிசியோதெரபி செய்கிற ஓர் இடத்தைச் சொன்னார். வியாழன் தோறும் தனியாகப் பஸ்ஸேறிப் போய் வந்தேன். பன்னிரண்டாவது வாரம் அங்கிருந்த பெண் என் கையை மேலே, பக்கத்தில், பின்னால் என்று சுழற்றிப் பார்த்துவிட்டு, "நல்லா சரியாப்போச்சுங்கம்மா, இனி வர வேண்டியதில்லை" என்றாள். அவள் நல்ல சேதிதான் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. வலிக்கிறதோ என்று அவள் பயந்துபோனாள்.

வீட்டுக்கு வந்து, "இன்னுங் கொஞ்ச நாளைக்கு வரச் சொல்லிருக்கறாங்க" என்றேன். அந்தக் கொஞ்ச நாள் ஒன்றரை வருடம் ஓடியது.

வியாழக்கிழமைகளில் நான் செய்தது இதுதான்: சேலத்துக் கடைகளைப் பார்த்தேன். வைத்தியத்துக்கென்று அவர் கொடுத்த பணம் கைப்பையில் அப்படியே இருந்தது. இருந்தும் ஒரு கைக்குட்டைகூட வாங்கவில்லை. வாங்கினால் அதைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும், எங்கே எப்போது ஏன் என்று சொல்ல வேண்டும். பார்த்ததை மட்டும் எந்தப் பையிலும் யாரும் கண்டுபிடிக்க முடியாது. வாங்க வக்கில்லாதவர்கள்தான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பார்கள் என்று நினைக்கிறவர்களுக்கு இது புரியாது.

முதல் சில வாரங்கள் உண்மையைத்தான் சொன்னேன். "சும்மா பாக்கலாம்னு வந்தனுங்க." அதைக் கேட்டதும் விற்பனையாளர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். ஒரு மூலையைக் காட்டி, "அங்க இருக்குது, பாருங்க" என்பார். அங்கே சாயம் வெளுத்த பூனம் சேலைகள் கிடக்கும். பட்டு இருக்கும் மாடிக்கு ஏறப்போனால், "என்ன விசேசங்க?" என்று ஒருவர் குறுக்கே வருவார். விசேஷம் இல்லாதவளுக்கு மாடி கிடையாது. ஒருநாள் கோபத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "பொண்ணு கல்யாணமுங்க."

மின்விசிறி என் பக்கம் திரும்பியது. தண்ணீர் வந்தது, காப்பி வந்தது. வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் உட்காரவைத்து, ஒரு பெண் பட்டுகளை அடுக்கடுக்காக இறக்கினாள். "மேல வெச்சுப் பாருங்கக்கா" என்று என்னை எழுப்பி, கட்டியிருந்த சேலைக்கு மேலேயே இடுப்பில் ஓர் எலாஸ்டிக் பெல்ட்டை மாட்டி, கொசுவத்தை அதில் செருகி, முந்தானையைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் நிறுத்தினாள். வாடாமல்லி நிறம், பச்சைக் கரை. கண்ணாடியில் நின்றவளை எனக்குப் பிடித்திருந்தது. ரொம்ப நாளுக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தேன்.

"பொண்ணுக்கும் உங்க கலருதானுங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க" என்றேன். என் மகள் அப்பாவைப் போல மாநிறம்.

அப்புறம் அந்தப் பொய் தன் பாட்டுக்கு வளர்ந்தது. மாப்பிள்ளை ஓசூரில் கம்பெனி வேலை என்றேன். நல்ல உயரம் என்றேன். கல்யாணம் தை மாதம் என்றேன். தை வந்துவிட்டது. என்ன செய்வது? மாப்பிள்ளை வீட்டில் தாத்தா இறந்துவிட்டார், ஒரு வருடம் தள்ளிப்போட்டிருக்கிறோம் என்றேன். இல்லாத மாப்பிள்ளையின் இல்லாத தாத்தாவைக் கொன்றுவிட்டு, அதற்கு அந்தப் பெண் முகம் வாடியதைப் பார்த்து நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் காலை முதல் நின்றுகொண்டே இருப்பவள். கால் மாற்றி மாற்றி நிற்பாள். அதைப் பார்த்தபடியே "இன்னொண்ணு காட்டு சாமி" என்று கேட்கிற அளவுக்கு எனக்கு மனசு கெட்டியாகியிருந்தது. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, "ஊட்டுல கலந்துக்கிட்டு வாரனுங்க" என்று எழுந்துவிடுவேன்.

உண்மையில் என் மகள் அப்போது பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. இன்னும் இரண்டு வருடம் யாரும் தன் ஜாதகத்தைக் கையில் எடுக்கக் கூடாது என்று என்னிடம் கேட்டிருந்தாள். "அப்பாவ நான் பாத்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தேன். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டும் இருந்தேன். அவர் கல்யாணப் பேச்சை எடுக்கும்போதெல்லாம், "போகட்டுங்க, புள்ள கொஞ்சம் மூச்சு உடட்டும்" என்பேன். என்னால் முடியாததை அவளாவது செய்யட்டும் என்ற ஆசை. அதை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் பக்கம் கல்யாண ஜவுளி எடுக்க யாரும் தனியாகப் போகமாட்டார்கள். பெண் வீடு, மாப்பிள்ளை வீடு இரண்டும் சேர்ந்து, நல்ல நாள் பார்த்து, வேன் வைத்துக்கொண்டு போவார்கள். ஆவணியில் ஒரு வியாழன், அப்படி ஒரு வேன் கூட்டம் எனக்குப் பக்கத்து மெத்தையில் வந்து உட்கார்ந்தது. பரமத்திப் பக்கத்து ஆட்கள். அரக்கா, மாம்பழ மஞ்சளா என்று அவர்களுக்குள் சண்டை. அறுபது வயது இருக்கும் ஓர் அம்மா அந்தச் சண்டையில் சலித்துப்போய் என் பக்கம் திரும்பினார். நான் அப்போது ஒரு பட்டை மேலே வைத்து, பெல்ட்டும் கொசுவமுமாக நின்றுகொண்டிருந்தேன்.

"ஏனுங்க, கண்ணாலத்துக்குங்களா? தனியாவா வந்துருக்கறீங்க?"

"முன்னாடியே ரகம் பாத்து வெச்சுக்கலாம்னு வந்தனுங்க."

"எந்தூருங்க?"

"நாமக்கல்லுங்க."

"நாமக்கல்லுல யாரு ஊடு?"

இந்த இடத்தில் பொய் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வருடமாகப் பொய் சொல்லிப் பழகியும் எந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கடை இருக்கும் ரோட்டைச் சொன்னேன், கணவர் என்ன வியாபாரம் என்று சொன்னேன். "அட, தெரியுமுங்களே!" என்றார் அந்த அம்மா. அடுத்து எங்கள் பக்கத்தில் என்ன கேட்பார்களோ அதைக் கேட்டார்.

"உங்கூட்டுக்காரரு என்ன கூட்டமுங்க?"

கூட்டம் என்றால் குலம். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் பங்காளிகள். முகம் பார்த்தே இராவிட்டாலும் அண்ணன் தங்கைதான். அவர்களுக்குள் பெண் கொடுப்பது, எடுப்பது என்ற பேச்சே கிடையாது. என் கணவரின் கூட்டத்தைச் சொன்னேன்.

"மாப்பள ஊடு?"

"மோகனூருங்க."

"அவிய என்ன கூட்டமுங்க?"

என் மாப்பிள்ளைக்கு வேலை இருந்தது, உயரம் இருந்தது, செத்துப்போன தாத்தா இருந்தார். கூட்டம் வைக்க மறந்திருந்தேன். கடைக்காரர்கள் அதையெல்லாம் கேட்பதில்லை. அந்த அம்மா பதிலுக்காக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலில் அர்ச்சனைக்கும் ஜோசியக்காரரிடத்திலும் எந்த ஒன்றைச் சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகியிருந்ததோ, இரண்டு நிமிடத்துக்கு முன்னால் எதைச் சொன்னேனோ, அதையே மறுபடி சொன்னேன்.

அந்த அம்மா கையிலிருந்த பட்டைக் கீழே வைத்தார். "ரெண்டு ஊடும் ஒரே கூட்டமுங்களா? அண்ணன் தங்கச்சி மொறையாச்சேங்க!"

அரக்குச் சண்டை நின்றுவிட்டது. வேன் முழுக்க என்னையே பார்த்தது. "இல்லீங்க, மாத்திச் சொல்லிப்போட்டனுங்க" என்றேன். "அப்பறம் என்ன கூட்டமுங்க?" என்றார் ஒரு பெரியவர். எத்தனையோ கூட்டம் இருக்கிறது. நான் பிறந்த வீட்டுக் கூட்டத்தைச் சொல்லியிருந்தால்கூட முறை சரியாக வந்திருக்கும். ஒன்றும் வாயில் வரவில்லை. அங்கிருந்து ஓடிவிட நினைத்தேன், அதுவும் முடியவில்லை. பட்டு இடுப்பில் செருகியிருந்தது. அந்தப் பெண் பெல்ட்டைக் கழற்றி, கொசுவத்தை ஒவ்வொன்றாக உருவி எடுக்கும் வரைக்கும் அத்தனை பேர் முன்னாலும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

வெள்ளியும் சனியும் ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகலில் கடையை ஆளிடம் விட்டுவிட்டு அவர் மாடிக்கு வந்தார். சாப்பிட அல்லாமல் அவர் பகலில் மேலே வந்து நான் பார்த்ததில்லை.

"ஏம்புள்ள, சேலத்துல போயி கண்ணாலப் பட்டு பாத்தயா?"

நான் அடுப்பை அணைத்தேன்.

"நம்ம கூட்டத்துப் பையனுக்கே பொண்ணக் குடுக்கறமாமா. ஓசூர்ல வேலையாமா. பாப்பாவும் அவனும் பெங்களூர்ல ஒண்ணாச் சுத்தறாங்களாமா. ஆத்தாக்காரி ஊட்டுக்காரனுக்குத் தெரியாம ஜவுளி எடுக்கறாளாமா. காத்தாலருந்து நாலு பேரு போன் போட்டுக் கேட்டுப்போட்டாங்க. என்னதான் நடக்குது இங்க?"

ஓசூர், கடைப் பெண்ணின் வாயிலிருந்து போயிருக்க வேண்டும். பெங்களூரில் சுற்றுவது ஊர் தன் பங்குக்குச் சேர்த்தது. அவர் கத்தவில்லை. கீழே கேட்டுவிடுமோ என்று கதவைச் சாத்தினார். அவருக்கு அவமானத்தைவிட பயம்தான் அதிகமாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் தோள் எப்போதோ சரியாகிவிட்டதைச் சொல்ல வேண்டும், ஒன்றரை வருட வியாழக்கிழமைகளைச் சொல்ல வேண்டும். அதோடு அந்த வியாழக்கிழமைகள் முடிந்தன. சொன்னாலும் யார் நம்புவார்கள்? ஒருத்தி பட்டுச்சேலை பார்ப்பதற்காக இல்லாத மாப்பிள்ளையை உண்டாக்கினாள் என்பதைவிட, அவள் மகள் பங்காளிப் பையனோடு ஓடப்போகிறாள் என்பதை ஊர் சுலபமாக நம்பும். இப்படியெல்லாம் அந்த நேரத்தில் நான் யோசித்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். என்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தோன்றியது. வாயில் வந்தது.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. வைத்தியம் முடிஞ்சு பஸ்ஸுக்கு நேரம் இருந்துச்சு. பாப்பாவுக்கும் வயசாவுதில்லீங்களா, ஒரு நல்லது பண்ணிப் பாக்கோணும்னு எனக்கும் ஆசை இருக்காதா? சும்மா ரகம் பாத்தேன். அந்தம்மா ஒண்ணோட ஒண்ணு சேத்துச் சொல்லியிருக்கறாங்க."

அவர் முகம் தெளிந்ததை என்னால் மறக்க முடியாது. கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "இத்தனை நாளா நீதான ரெண்டு வருசம் போகட்டும்னே? ஆசைய மனசுலயே வெச்சுக்கிட்டுருந்தயா?" என்றார். பரிவாகத்தான் கேட்டார். "செரி. ஊர் வாய மூடோணும்னா இதான் வழி. நல்ல எடமா, மொறையாப் பாத்துப்போடலாம்."

அந்த வாரமே ஜாதகம் வெளியே போனது. சங்ககிரிப் பக்கம் ஒரு குடும்பம், ஆறு லாரி, முறை சரி, பொருத்தம் சரி. அடுத்த ஞாயிறு பெண் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார்கள். எல்லாம் ஜவுளிக்கடையில் அவர் விரல் நீட்டுகிற வேகத்தில் நடந்தது.

மகள் போன் செய்தாள். "அம்மா, நீதான் ஆசப்பட்டயாமா? அப்பா சொல்றாரு."

அவளிடம் மட்டும் முழுவதையும் சொன்னேன். கடைகளை, மாடியை, தாத்தாவை, கூட்டத்தை.

"சேலை பாக்கறதுக்காம்மா?"

"ஆமா சாமி."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "வாக்குக் குடுத்தியேம்மா" என்று மட்டும் சொன்னாள். அப்புறம், "அப்பாகிட்ட நீயே சொல்லீரு. நான் சொன்னா நம்பமாட்டாரு" என்றாள். சொல்கிறேன் என்றேன். தினமும் ராத்திரி செய்தி அனுப்புவாள். சொல்லிட்டயா? நாளைக்கு என்று பதில் போடுவேன்.

வியாழக்கிழமை கிளம்பும்போது அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து கையில் பணம் கொடுத்தார். "பாப்பா அன்னிக்குக் கட்டறதுக்கு ஒண்ணு எடுத்துட்டு வா. நல்லாப் பாத்து எடு. அவசரப்படாத." இருபத்தேழு வருடத்தில் முதல் தடவையாக என்னைப் பார்க்கச் சொன்னார்.

அதே கடைக்குத்தான் போனேன். வேறு எங்கே போனாலும் கீழ்த்தளத்திலேயே நிறுத்துவார்கள். அந்தப் பெண் என்னைக் கண்டதும், "தாத்தா துக்கமெல்லாம் முடிஞ்சுதுங்களாக்கா?" என்று கேட்டாள். முடிந்தது என்றேன். அவள் முதல் கட்டை இறக்கி முதல் சேலையை விரித்தாள்.

"இதையே கட்டீரு சாமி."

"ஒண்ணுதானுங்கக்கா எடுத்துருக்கறேன்! இன்னும் பாருங்க, உங்களுக்குப் புடிச்ச வாடாமல்லி வந்துருக்குது."

வேண்டாம் என்றேன். மேலே வைத்துப் பார்க்கவும் இல்லை. எத்தனையோ வியாழக்கிழமை பார்த்தே கழித்த கடையில், பணம் கொடுத்து வாங்கிய ஒரே சேலை என்ன நிறம் என்று பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். வெளிர் பச்சை.

சனிக்கிழமை சாயங்காலம் மகள் வந்தாள். உள்ளறையில் சுடிதாருக்கு மேலேயே அதைச் சுற்றி, பீரோ கண்ணாடி முன்னால் நின்றாள். அவள் நிறத்துக்கு அது ஒட்டவே இல்லை. முகம் ஜுரத்தில் படுத்து எழுந்தவளைப் போலத் தெரிந்தது.

"சொல்லலையல்ல?" என்றாள், கண்ணாடியைப் பார்த்தபடியே.

"இல்ல சாமி."

"செரி, உடு. இப்பச் சொன்னா இனி நீ எங்கயுமே போக முடியாது. அந்த ஒரு நாளாவது உனக்கு இருக்கட்டும். நாளைக்கு நான் உக்காந்துக்கறேன். புடிக்கலன்னு அப்பறம் சொல்லிக்கலாம்."

"அவிய புடிச்சுருக்குதுன்னு சொல்லிட்டா?"

அவள் குனிந்து கொசுவத்தை எண்ணி மடித்துக்கொண்டிருந்தாள். எனக்காக அவள் மடிப்பதைப் பார்த்துக்கொண்டு அங்கே நிற்க முடியவில்லை. சொல்லிவிடுவது என்று படி இறங்கினேன். என் தோள் எப்போதோ சரியாகிவிட்டது, அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். அவர் கடையில் போனில் சங்ககிரிக்காரர்களிடம் வழி சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேச்சை முடித்துவிட்டு, கொஞ்சம் கவலையாகவே கேட்டார்.

"பாப்பா என்ன சொல்லுது?"

"சேலை அவளுக்கு ரொம்பப் புடிச்சுருக்குதுங்க" என்றேன்.